நாலு தாடைச் சக்

எழுபதுகளின் தொடக்கத்தில் கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் எதிரெதிராக இரும்பு கடையும் லேத் பட்டறைகள் இரண்டு இருந்தன. ஒன்று மடவளை ஊர்க்காரரான தாஸிமுடையது. மற்றது வீரசிங்கத்துடையது. வீரசிங்கம் பல வருடம் தாஸிமிடம் வேலை செய்தவர்; அண்ணன் முறையில் அவரை 'நானா' என்றே கூப்பிடுவார். ஒரு பழைய லேத் மலிவாகக் கிடைக்கவும் தனியாகத் தொடங்கினார். சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனாலும் தனக்கு வேலை கொடுத்துவந்த தேயிலைத் தொழிற்சாலைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போனது தாஸிமுக்குப் பொறுக்கவில்லை. நாளடைவில் முகம் பார்த்துப் பேசுவதும் நின்றது.

வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம் அது. உடைந்ததையெல்லாம் இங்கேயே வார்த்து, இங்கேயே கடைந்தாக வேண்டும். ஒரு நாள் காலையில் வீரசிங்கம் தாஸிமின் வாசலில் வந்து நின்றார்.

"நானா, பேரிங் வைக்கிற வார்ப்பு ஒண்ணு வந்திருக்கு. ஒரு பக்கம் காது மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது. என்கிட்ட மூணு தாடைச் சக்குதான். ஒங்க நாலு தாடையக் கொஞ்சம் குடுங்க, சாயங்காலமே கொண்டாந்து தாறேன்."

கேட்டதில் நியாயம் இருந்தது. கடைய வேண்டிய இரும்பை லேத்தில் கவ்விப் பிடித்துச் சுழற்றுவது சக். மூன்று தாடைச் சக்கில் தாடைகள் எல்லாம் ஒன்றாகவே நகரும். உருண்டைக் கம்பியை அது நன்றாகப் பிடிக்கும். கோணல் வார்ப்பைப் பிடிக்க ஒவ்வொரு தாடையையும் தனித்தனியாக இறுக்கக்கூடிய நாலு தாடைச் சக் வேண்டும். அந்த வட்டாரத்தில் அது தாஸிமிடம் மட்டும்தான் இருந்தது.

"அது மெசின்ல ஏத்தி ஈக்குது. எனக்கும் வேல ஈக்குதே," என்றார் தாஸிம்.

வீரசிங்கத்தின் பார்வை லேத்துக்குப் போனது. அதில் மாட்டியிருந்தது மூன்று தாடை. நாலு தாடை, எண்ணெய்த் துணி சுற்றியபடி பின்னால் இருந்த அலுமாரியின் மேல் கிடந்தது. அவர் அதையும் பார்த்தார். "சரிங்க நானா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நண்பகல் லுகர் தொழுகைக்குக் கிளம்பும் நேரத்தில் எதிரே டமார் என்று ஒரு சத்தம். தாஸிம் ஓடினார். தாடைக்கும் வார்ப்புக்கும் நடுவே வீரசிங்கம் தகரத்தை மடித்து அண்டை கொடுத்திருந்தார். மெசின் வேகம் எடுத்ததும் தகரம் வழுக்கி, வார்ப்பு பிடுங்கிக்கொண்டு முகத்தில் அடித்திருந்தது. தாஸிம்தான் அவரைத் தூக்கி லொறியில் ஏற்றிக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். உயிர் தப்பியது. இடது கண் போனது.

மறுநாள் தாஸிம் அந்த வார்ப்பைத் தன் பட்டறைக்கு எடுத்துவந்து, நாலு தாடைச் சக்கில் இறுக்கினார். கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். எங்கும் இடிக்கவில்லை, அசையவுமில்லை. கடைந்து முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மெசினை நிறுத்திய பிறகும் வார்ப்பைக் கழற்றாமல் அங்கேயே நின்றார்.

ஆஸ்பத்திரியில் வீரசிங்கம், "நீங்க ஏன் மனசப் போட்டு ஒழப்பிக்கிறீங்க? அவசரப்பட்டது நான்தான்" என்றார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி சீதா அப்படி விடவில்லை.

"குடுத்திருக்கலாமே நானா," என்றாள்.



வீரசிங்கம் லேத்தை விற்றுவிட்டு, நாவலப்பிட்டியில் சீதாவின் அண்ணன் கடையில் போய் உட்கார்ந்தார். அதன் பிறகு தாஸிம் யார் கேட்டாலும் அந்தச் சக்கைக் கொடுத்தார். கூடவே போய்த் தன் கையாலேயே மாட்டி, இறுக்கிக் காட்டிவிட்டுத்தான் வருவார். ஊரில் அவருக்கு நல்ல பெயர்தான். அதை யாராவது எடுத்துச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்.

நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு முறை பெருநாள் இனிப்பான வட்டலப்பம் எடுத்துக்கொண்டு நாவலப்பிட்டிக்குப் போனார். இருவரும் மழையைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் பேசினார்கள். சீதா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். வீரசிங்கம் பேசிக்கொண்டே கோப்பையை எடுக்கக் கை நீட்டினார். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாமல், விரல்கள் கோப்பைக்கு முன்னாலேயே வெறுங்காற்றில் மூடின.

தாஸிம் கோப்பையை மெல்ல அந்தக் கைக்குள் நகர்த்தி வைத்துவிட்டு, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.