முத்தாயியின் தகரத்துத் தேயிலை

சீனி வருத்தம் வந்ததிலிருந்து டொக்டர் என்னைப் பச்சைத் தேயிலைத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார். நூலில் கட்டிய குட்டிப் பையொன்றைச் சுடுநீரில் முக்கி எடுத்து எறிந்துவிட்டு, மிஞ்சியதைக் குடிக்க வேண்டும். என் மனிசி கொண்டுவந்து வைக்கும்போது முகத்தைச் சுளிப்பேன். ஆவி மூக்கில் பட்டதும் கோப்பையைக் கையில் எடுத்துவிடுவேன். நசுக்கிய பச்சை இலையின் அந்த மணம் எனக்குப் பழக்கமானது. மன்னாரின் கொதிக்கிற வெயிலில் தேயிலை வளர்த்த ஒருவரை எனக்குத் தெரியும் என்றால் நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை. நம்பாததற்குச் சம்பளமும் வாங்கினேன்.

சண்டைக் காலம் அது. விவசாயப் போதனாசிரியராக எனக்கு முதல் வேலை, கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே உள்ள வயற்கிராமங்களில். யூரியாவுக்குத் தடை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, சைக்கிளுக்கு டியூப் கிடையாது. டயருக்குள் வைக்கோலை அடைத்துக்கொண்டு ஓடுவேன். படித்துக் கிழித்த திமிரில் மட்டும் குறைவில்லை.

வாய்க்காலோரக் குடியிருப்பொன்றில், மலையகத்தில் கலவரம் நடந்தபோது ஓடிவந்த குடும்பங்கள் இருந்தன. அங்கேதான் முத்தாயி. ஐம்பது வயதிருக்கும். தனி ஆள். கூலிக்குக் களை பிடுங்குவார். அவருடைய குடிசைக்குப் பின்னால், வேப்பமர நிழலில், பழைய எண்ணெய்த் தகரத்தில் முழங்காலுயரச் செடியொன்று நின்றது. தகரத்தைச் சுற்றி ஈரச் சாக்கு.

"உது என்னம்மா?"

"தேயிலங்கய்யா."

விட்டேனா நான்? வெப்பநிலை, மழைவீழ்ச்சி, மண்ணின் புளிப்பு என்று கால்மணி நேரம் விளாசித் தள்ளினேன். "உது இஞ்சை வராதம்மா, வீணா மினக்கெடாதேங்கோ" என்று முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா படிச்சவுங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா அந்தச் செடி படிக்கலீங்களே."

பக்கத்தில் நின்ற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அடுத்த கிழமையே திரும்பப் போனேன் என்பதையும் சொல்லத்தானே வேண்டும். மாரி மழையில் குளம் நிரம்பி வான் பாய்ந்தால், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மீன் பிடிக்க முதலில் இறங்குவது முத்தாயிதான். கதிர் பால் பிடிக்கும் நாளில் வரம்பில் நின்று ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்து, "பாலு வந்திருச்சி!" என்று தன் சொந்த வயல் மாதிரிக் கூவுவார். ஒரு பிடி மண் அவருக்குச் சொந்தமில்லை. கச்சான் காற்று எல்லாவற்றையும் காயவைக்கிற மாதங்களில், முகம் கழுவிய தண்ணீரும் அந்தத் தகரத்துக்குத்தான் போகும்.

அதில் ஒரு கொழுந்து விட்டால் போதும், குடியிருப்பே திருவிழா. முதல் நாள் ஷெல் விழுந்திருந்தாலும் சரிதான். கிள்ளி நசுக்கி எல்லார் மூக்குக்குக் கீழேயும் ஒரு சுற்றுக் காட்டுவார். "மோந்து பாருங்கய்யா!" பிறகு அதைச் சங்கக்கடைத் தேயிலைத் தூளோடு கேத்தலில் போட்டு, ஆளுக்கு அரைக் கோப்பை. சீனி ஏது? பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், அந்த ஒரு கொழுந்தால் ருசியில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் அப்படி ஒரு தேத்தண்ணீரை நான் பிறகு குடித்ததில்லை.

ஒருநாள் கேட்டுவிட்டேன், ஏன் இந்தப் பாடு என்று. கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"எங்க வீட்டுக்காரரு தோட்டத்துல, லயத்து வீட்டுக்கு மேல மலையிலதான் இருக்காரு. பொதச்ச எடத்துல, தலமாட்டுல ஒரு தேயில நட்டேன். நாங்க அப்பிடித்தாங்க செய்வோம். ஓடி வரையில அதுலதான் அஞ்சு கொட்ட பறிச்சு முந்தானையில முடிஞ்சிக்கிட்டேன். ஒண்ணுதான் மொளச்சிச்சு."

மண்ணின் புளிப்பைப் பற்றி நான் அதன்பிறகு வாயே திறக்கவில்லை.

ஒரு மாரியில் சண்டை குடியிருப்புக்குக் கிட்ட வந்துவிட்டது. மழையோடு மழையாக எல்லாரும் மடுக்கோயிலடி அகதி முகாமுக்கு இடம்பெயர்ந்தோம். உழவு இயந்திரப் பெட்டியில் நிற்கவும் இடமில்லை. அதில் ஏற முன் முத்தாயி தகரத்தைத் தூக்கிவந்து என் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினார். "இத மட்டும் கொண்டாந்துருங்கய்யா."

மதகொன்றைத் தாண்டும்போது ஷெல் விழத் தொடங்கியது. சைக்கிளைப் போட்டுவிட்டுக் கீழே பாய்ந்து படுத்தேன். ஓய்ந்ததும் எழும்பி மிதித்தேன் பாருங்கள், அப்படி ஒரு மிதி. ஒரு மைல்கட்டை தூரம் போனபிறகுதான் கரியர் வெறுமையாகக் கிடப்பதைக் கண்டேன். திரும்பிப் போகவில்லை. பயம், வேறென்ன.

முகாமில் முத்தாயி முதலில் பார்த்தது என் கரியரைத்தான்.

"மதகடியிலை விழுந்திட்டுதம்மா" என்றேன்.

அப்படியே சேற்றில் குந்தி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கடைசியில் நிமிர்ந்து கேட்டார்:

"வேரு மண்ணுல பட்டுச்சாங்க?"

"ஓம் அம்மா. வடிவா நிமித்தி, மண் போட்டிட்டுத்தான் வந்தனான்."

என்னையே பார்த்தார். நான் குனிந்து சைக்கிள் செயினைத் துடைக்கத் தொடங்கினேன்.

"ஐயாவுக்குப் பொய் சொல்ல வரலீங்க" என்றார். "உசுரோட வந்தீங்களே, அது போதும். குந்துங்க."

மூன்று கல்லைத் தேடிவந்து வைத்தார். கூடாரத் தறப்பாளிலிருந்து வடிந்த தண்ணீரைக் கேத்தலில் பிடித்தார். நனைந்த விறகை ஊதி ஊதி மூட்டித் தேத்தண்ணீர் போட்டு, சேலை முடிச்சிலிருந்த பனங்கட்டியைப் பல்லால் உடைத்துப் பெரிய பாதியை எனக்குத் தந்தார். ஒரு மிடறு குடித்துவிட்டு, கண்ணீர் காயாத முகத்தோடு சொன்னார்: "மழத் தண்ணியில போட்டா ருசியே தனிதாங்கய்யா."

எத்தனையோ பெரிய மனிதர்களைக் கண்டிருக்கிறேன். இவரைப்போல ஒருவரைக் காணவில்லை.

அடுத்த வருடம் முகாமில் மலேரியா வந்து முத்தாயியைக் கொண்டுபோனது. காட்டோரம் புதைத்தோம். தலைமாட்டில் என்ன நட வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, நடத்தான் ஒன்றும் இருக்கவில்லை. இன்றைக்கு அந்தக் குழியைக் காடு மூடிவிட்டது. குடியிருப்பும் இல்லை. மதகை இடித்து அகலமாகக் கட்டி, கார்ப்பெட் வீதி போட்டுவிட்டார்கள். தேயிலை இங்கே வராது என்று கால்மணி நேரம் படிப்பித்த நான், பஸ் அந்த மதகடியைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் யன்னலால் தலையை நீட்டிப் பற்றைகளுக்குள் தேடுகிறேன்.