கோதண்டனின் மேற்படிக் குறி

கோதண்டன் இறந்த செய்தியை அவர் மகள் சுமதி சென்னையிலிருந்து தொலைபேசியில் சொன்னாள். "காரியப் பத்திரிகைக்கு நீங்கதாங்க எழுதித் தரணும்" என்றாள். ஆரணியில் பாதிப் பேருக்குப் பத்திரிகை அடித்தவருக்கு எழுத, ஒரு காலத்தில் அவர் கடையில் பிழை திருத்திக் கொடுத்து, இப்போது வெளியூரில் இருக்கும் என்னைத் தேட வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளில் அவர் ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டுவிட்டுக் கணினி வாங்கினார். நெசவுக் குடும்பங்கள் தாத்தா காலத்துக் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து அதே மாதிரி கேட்கும். அதில் 'மேற்படி' என்ற சொல்லுக்குப் பதில் ௸ என்ற பழைய குறி இருக்கும். கணினியில் அது இல்லை. முதலில் இடம் விட்டு அச்சடித்து, ஒவ்வொரு பத்திரிகையிலும் பேனாவால் போட்டார். பிறகு தானே திரையில் வரைந்து, பயன்படாத ஒரு விசையில் வைத்தார்.

ஒரு முறை வண்ண அச்சுக்காக ஃபிளாப்பி வெளியூர் போனது. அந்த ஊர்க் கணினிக்கு இவர் விசை தெரியவில்லை. '? திருமணம்' என்று அச்சாகி வந்தது. பெண்ணின் அப்பா அதை மேசையில் போட்டபோது நான் கடையில் இருந்தேன்.

"இன்னாபா கோதண்டா, எம் பொண்ணுக்குக் கல்யாணம் நடக்குமான்னு ஊரையே கேட்டுகினு இருக்குது உன் பத்திரிகை?"

"உக்காருங்க மாமா. நானே கையால மாத்தித் தரேன்."

"அந்தக் குறியே வாணாம்பா, பேஜாரு."

மற்ற குடும்பங்களும் ஒவ்வொன்றாக அந்தக் குறியை விட்டுவிட்டன. கோதண்டனால் முடியவில்லை. "இங்க தெரிஞ்சா போதாதுங்க. போற இடத்துலயும் தெரியணும்" என்பார்.

சில ஆண்டுகள் கழித்து, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடில் அந்தக் குறிக்கும் ஓர் எண் கிடைத்தது. "நம்பர் குடுத்துட்டாங்க சார்!" என்று கூப்பிட்டார். பின்னால் அச்சு ஓடும் சத்தம் இல்லை; கடையில் வேலை குறைந்துவிட்டிருந்தது.

அதன் பிறகு அவ்வப்போது மின்னஞ்சல் வரும். குறி மட்டும் இருக்கும்; கீழே, "தெரியுதா?" எண் இருந்தும் என் கணினியின் எழுத்துருவில் அதற்கு வடிவம் இல்லாததால், என் திரையில் வெறும் கட்டம்தான் தெரியும். கட்டம்தான் தெரிகிறது என்று பதில் எழுதுவேன். "சரிங்க, பாக்கலாம்" என்பார். அவர் மனைவி போன பிறகு அந்த அஞ்சல்கள் அடிக்கடி வந்தன.

காரியப் பத்திரிகையில் அவரை இரண்டாம் முறை குறிப்பிடும் இடத்தில், அவர் அஞ்சலிலிருந்தே குறியை எடுத்து ஒட்டினேன். எனக்குக் கட்டமாகவே தெரிந்தது. சென்னை அச்சகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"சார், மூணாவது வரியில எழுத்து மாதிரியும் இல்லாம படம் மாதிரியும் இல்லாம வளைஞ்சு வளைஞ்சு ஒண்ணு வந்திருக்குது. எடுத்துடட்டுமா?"

"இருக்கட்டும்மா."

அவருடைய அஞ்சல்கள் என்னிடம் இருக்கின்றன. என் திரையில் இன்னும் கட்டம்தான். தெரியுதா என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, தெரிந்தது, கோதண்டன். போன இடத்தில் தெரிந்தது.