நீல முடிச்சு

நவுசோரி பெண்கள் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் எட்டுப் பேர். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பு தைத்தார்கள். தையல் கோணினால் தைத்தவளே பிரித்துத் தைக்க வேண்டும். அதற்காக மூலையில் ஆளுக்கொரு நிறத்தில் நூல்முடிச்சு.

எண்பத்தேழில் அந்தத் தீவு நாட்டின் ஆட்சியை ராணுவம் பிடித்தது. இந்திய வம்சாவளியினருக்கு இனிப் பாதுகாப்பில்லை என்று ஏழு பேர் ஒவ்வொருவராக வெளிநாடு போய்விட்டார்கள். முதலில் கிளம்பியவள் நீல நூல் சுஷீலா.

தனியாளுக்கு ஆர்டர் கிடையாது. அதனால் மிஞ்சியிருந்த ரத்னம்மா அவரவர் மெஷினில் உட்கார்ந்து, அவரவர் நிறத்தில் முடிச்சு போட்டாள். சுஷீலாவின் மெஷினில் மட்டும் அவளுடைய அரட்டை ஞாபகம் வந்து கை தடுமாறும்.

ஒருநாள் ஆஸ்பத்திரி ஸ்டோர்காரர் சிவன் ஒரு விரிப்பைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"நீலம் யாரு அக்கா? கோணலா இருக்கு."

"சுஷீலா," என்று சிடுசிடுத்தாள் ரத்னம்மா. "அவளுக்கு எதுலயும் அவசரம். குடு, வந்தா சொல்றேன்."