வல்லாரைப் பாத்தி

கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்பக்கம், குசினிக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு கட்டிலளவு மண் இருக்கிறது. கொழும்பில் இவ்வளவு மண் கிடைத்ததே பெரிது என்று, குடிவந்த மாதமே அதில் வல்லாரை வைத்தேன். மகள் ஐந்தாம் வகுப்புக்கு வந்திருந்தாள். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளை படிக்கிற வீட்டில் எங்கள் ஆட்கள் முதலில் தேடுவது வல்லாரையைத்தான். ரியூசன் அதற்குப் பிறகு. காலையில் நானே பிடுங்கி, இரண்டு தண்ணீரில் அலசிக் கொடுப்பேன். மனைவி தேங்காய்ப்பூவும் தேசிக்காய்ப் புளியும் விட்டுச் சம்பல் போடுவாள். மகள் மூக்கைச் சுளித்துக்கொண்டு விழுங்குவாள். மூளைக்கு நல்லது என்று பக்கத்தில் நின்று சொல்வேன். ஏழு மாதம் அப்படிச் சொன்னேன்.

பாத்தியைப் பெரிதாக்க ஒருநாள் ஆழமாகக் கொத்தியபோது கறுப்புப் பிளாஸ்டிக் துண்டுகளும் சாம்பல் நிறக் கட்டிகளும் வந்தன. சின்னக் கட்டிதான், ஆனால் கையில் எடுத்தால் நம்பமுடியாத கனம். மகளுக்கு அது புதினமாக இல்லை. அவளுடைய பென்சில் பெட்டியிலே ஏற்கெனவே ஆறு கட்டிகள் இருந்தன. தாளில் அவற்றால் கோடு கீறலாம் என்று கீறியும் காட்டினாள்.

வீட்டுக்கார அன்ரியிடம் கேட்டேன்.

"அதில முந்தி பழைய பற்றரி உடைச்சு ஈயம் உருக்கிற பட்டறை இருந்தது தம்பி. அது மூடி எவ்வளவோ காலம். இப்ப வெறும் மண்தானே."

மறுநாளே மகளை வெள்ளவத்தையில் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போய்ப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தோம். ஈயம் இருந்தது. பிள்ளைகளில் அது முக்கியமாகத் தாக்குவது கவனத்தையும் ஞாபகத்தையும் என்று டொக்டர் சொன்னபோது நான் வல்லாரைப் பாத்தியைப் பற்றிச் சொன்னேன். வல்லாரை நிலத்தோடு படர்வது, அதில் ஒட்டிய மண் இரண்டு அலசலில் போகாது, பிள்ளையின் கையில் ஒட்டியதும் வாய்க்குப் போயிருக்கும் என்றார். இந்த அளவுக்கு மருந்து தேவையில்லை. மண்ணை நிறுத்துங்கள், இரும்பும் கல்சியமும் உள்ள சாப்பாடு கொடுங்கள், மூன்று மாதத்தில் திரும்பிப் பார்ப்போம்.

அன்று பின்னேரம் குசினிப் படியில் இருந்துகொண்டு, என் கையாலேயே பிடுங்கிக் கொடுத்தேனே என்று சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"நீங்கள் பிடுங்கினீங்கள், நான் அரிஞ்சனான்," என்றாள் மனைவி. "பங்கு பிரிச்சு முடிஞ்சா எழும்பி மண்ணைப் பாருங்கோ."

ஒரு பையில் மண்ணை அள்ளிப் பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெண் பொறுமைசாலி. சூரியகாந்தி வைத்தால் ஈயத்தை இழுத்துவிடுமாமே என்று நான் கேட்டதற்கு, அது இழுத்து முடிக்கும் முன் உங்கள் மகளுக்கே பிள்ளைகள் இருப்பார்கள் என்றார். ஈயம் எரிந்தோ உக்கியோ போகாது. அகற்ற வேண்டும், இல்லையென்றால் அசையாமல் மூட வேண்டும். தூசு பறக்காதபடி மண்ணை நனைத்து, மேல்மண்ணை வழித்து மூட்டை கட்டச் சொன்னார். அதை மாநகரசபையிடம் சொல்லி ஒப்படைக்க வேண்டும், குப்பை லொறியில் போடக் கூடாது. மிஞ்சியதில் சுண்ணாம்பும் கூட்டெருவும் கலந்தால் ஈயம் எளிதில் கரையாது. அதற்குமேல் தடித்த துணி விரித்து, வெளியிலிருந்து வந்த மண்ணைக் கொட்ட வேண்டும். அதிலும் கீரை வேண்டாம்.

முகமூடியோடு இரண்டு ஞாயிறு வேலை செய்தேன். மகளுக்கு வெளியே வரத் தடை. குசினி யன்னலில் நாடியை வைத்துக்கொண்டு, மூலையில் இன்னும் வழிக்கவில்லை என்று மேற்பார்வை பார்த்தாள். போட்டிருந்த உடுப்பை வீட்டுக்குள் கொண்டுவர மனைவி விடவில்லை. பென்சில் பெட்டியும் மூட்டையோடு போனது. அதற்கு மட்டும் மகள் அழுதாள்.

மூன்று மாதம் தினமும் அவளுடைய நகங்களைக் காட்டச் சொல்லி மண் இருக்கிறதா என்று பார்த்தேன், ஒவ்வொரு மறதியையும் எண்ணினேன். தண்ணீர்ப் போத்தலைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்தாலும் அதையும் கணக்கில் சேர்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் விட்டுவருகிற போத்தல் அது.

இரண்டாவது முடிவை வெள்ளவத்தைப் பஸ் தரிப்பில் நின்று பிரித்தேன். பாதிக்குக் கிட்டக் குறைந்திருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு மகள் தாளை வாங்கினாள். பழைய தாளையும் கேட்டு வாங்கி இரண்டையும் ஒப்பிட்டாள்.

"குறைஞ்சிருக்கு," என்றாள். "அப்பா, மார்க்ஸ் குறைஞ்சதுக்கு நீங்கள் சிரிக்கிறது இதுதான் முதல்தரம்."

பஸ் வந்தது. யன்னலோர இருக்கை கிடைத்ததும் அவள் கையை நீட்டி, நான் கேட்கும் முன்பே நகங்களைக் காட்டினாள்.