அத்தை கழற்றிய ஒயர்

எங்கள் சித்தப்பா ஒரு பொருளைப் பெருமையாக நினைத்துவிட்டால், வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தே ஆகவேண்டும். அத்தையைப் பெண் பார்க்க உத்தமபாளையத்திலிருந்து வந்தவர்களும் தப்பவில்லை. கேசரி சாப்பிட்ட கை காய்வதற்குள் அவர்களைப் படகுச் சவாரிக்குக் கிளப்பிவிட்டார்.

அப்போது நாங்கள் வைகை அணைக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். அணையில் மீன் பிடிக்கும் குத்தகையில் சித்தப்பாவுக்கும் ஒரு பங்கு இருந்தது. கேரளாப் பக்கம் யாரோ ஓட்டித் தேய்த்துக் கழித்த மோட்டார் படகு ஒன்றை அதற்காக வாங்கி வந்திருந்தார். அதன் ஒயரிங் முழுவதும் அவர் கைவண்ணம். சிவப்பாகப் புறப்படும் ஒயர் பாதி வழியில் மஞ்சளாகும். மஞ்சள் ஒரு டேப்புச் சுற்றுக்குள் நுழைந்து பச்சையாக வெளியே வரும். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுத்துத் தருவதாக அத்தை சொன்னபோதெல்லாம், ஓடுகிற வண்டியில் கைவைக்கக் கூடாது என்று தடுத்துவிடுவார்.

அத்தை அப்பாவின் தங்கை. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படித்துவிட்டு, வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கும் அப்பாவின் கடையில் வேலை செய்துகொண்டிருந்தாள். டிராக்டர்க்காரர்கள் தேவதானப்பட்டியிலிருந்துகூட அவளைத் தேடி வருவார்கள். அந்தக் கைராசியே அவள் கல்யாணத்துக்குக் குறுக்கே நின்றது. கிரீஸ் கையோடு திரிகிற பெண் வேண்டாமென்று ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. இதுவும் போனால் அவள் கடைக்கு வருவதை நிறுத்திவிடப் போவதாக அப்பா சொல்லியிருந்தார். எனக்கு வயது ஒன்பது. அத்தையின் தொழிலில் பாதி எனக்கும் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அம்மாவைத் தவிர நாங்கள் எல்லாரும் அவர்களோடு படகில் ஏறிக்கொண்டோம். படகு நன்றாகத்தான் போனது. நடுத் தண்ணீருக்குப் போனதும், சத்தமில்லாமல் மலையைப் பார்த்தால்தான் அழகு என்று சொல்லி சித்தப்பா இஞ்சினை நிறுத்தினார். எல்லாரும் மலையைப் பார்த்தோம். பிறகு அவர் சாவியைத் திருப்பினார். இஞ்சின் ஒரு முனகல்கூட முனகவில்லை. ஹாரனை அமுக்கினார், அதுவும் ஊமை. துடுப்பு கரையில் கிடந்தது.

மாப்பிள்ளையின் அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல இப்பிடி நட்டநடுவுல நிக்கிறது எனக்கு மனசுக்குச் சரியாப் படல" என்றார். அப்பாவின் முகம் வெளுத்துப்போனது.

அத்தை பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்தாள். பின்பக்கம் ஆள் நின்றால் தனக்குக் கை போகாது என்று சொல்லி எல்லாரையும் முன்பக்கம் அனுப்பினாள். இஞ்சினை மூடியிருந்த பலகையைத் தூக்கிப் பிடிக்க ஒரு ஆள் மட்டும் வேண்டும் என்றாள். சித்தப்பா எழுந்தார்.

"நீங்க தொட்டதெல்லாம் போதும்ணே" என்றாள் அத்தை.

அதற்குள் மாப்பிள்ளையே வந்து பலகையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் திராட்சைத் தோட்டம். தனக்கு பியூஸ் போட மட்டும்தான் தெரியும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். என்னை யாரும் முன்பக்கம் போகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

இரண்டு ஒயர் கட்டிய சின்ன பல்பு ஒன்று டூல் பெட்டியில் இருந்தது. கரண்டு எதுவரை வருகிறது என்று அதை வைத்துத்தான் பார்ப்போம். அத்தை பாட்டரியில் வைத்தாள், பளிச்சென்று எரிந்தது. சாவி சுவிட்சில் வைத்தாள், எரியவில்லை. கோளாறு இடையில்தான் என்று நான் அறிவித்தேன். அவள் ஒயரைத் தடவிக்கொண்டே போய் ஒரு டேப்புச் சுற்றைப் பிரித்தாள். உள்ளே செம்புக் கம்பி பச்சையாகப் பூத்து உதிர்ந்தது. அந்த இடத்தை வெட்டிப் பல்லால் தோலுரித்து, நல்ல கம்பியோடு கம்பியை முறுக்கினாள். திரும்ப சுவிட்சில் பல்பை வைத்தாள். எரிந்தது.

அப்போது அத்தை நிமிர்ந்து படகின் முன்பக்கம் பார்த்தாள். சித்தப்பா கையை நீட்டி எந்த மலை எந்த ஊர்ப் பக்கம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அத்தை குனிந்து, முறுக்கிய ஒயரைத் திரும்பக் கழற்றிவிட்டாள்.

"அத்த, பல்பு எரிஞ்சுச்சுல்ல?" என்றேன்.

"பல்புக்கு எரியும். மோட்டாரு இழுக்குற இழுப்புக்குத் தாங்காது."

மாப்பிள்ளை ஒயரைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "தாங்காதுதான்" என்றார், ரொம்பத் தெரிந்தவர்போல.

அதற்குப் பிறகு அத்தை ஒரே ஒயரைத் துடைப்பதும் தடவுவதுமாக இருந்தாள். வாய் மட்டும் நிற்கவில்லை. மழை பெய்தால் திராட்சை வெடிக்குமா என்று கேட்டாள். அவர் எவ்வளவு படித்தார், ஏன் நிறுத்தினார் என்று கேட்டாள். அவரும் சளைக்காமல் அவளுக்கு என்ன பிடிக்கும், எதற்குக் கோபம் வரும் என்றெல்லாம் கேட்டார். வேலை நேரத்தில் இப்படி ஊர்க்கதை பேசுகிறார்களே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. முன்பக்கத்திலிருந்து அப்பா இரண்டு தடவை குரல் கொடுத்தார். இரண்டு தடவையும் அத்தை, "இந்தா ஆச்சுண்ணே" என்றாள்.

கடைசியில் குனிந்தபடியே சொன்னாள்: "கல்யாணம் ஆனாலும் நான் இந்த வேலைய விடமாட்டேன்."

அவர் பலகையைக் கை மாற்றிக்கொண்டார். "எனக்கு ஒண்ணுமில்ல. உத்தமபாளையத்துலயே கடை போட்டுக்கலாம். ஆனா அம்மா லேசுல ஒத்துக்க மாட்டாக. சண்டை வரும். அத இப்பவே சொல்லிர்றேன்."

"வரட்டும். நீங்க எந்தப் பக்கம் நிப்பீக?"

"ஒங்க பக்கந்தான்."

அத்தை ஒரே முறுக்கில் ஒயரை இணைத்து, டேப்பைச் சுற்றி, சித்தப்பாவைச் சாவி திருப்பச் சொன்னாள். இஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பியது. தான் வேண்டிக்கொண்ட சாமிதான் காப்பாற்றியது என்று மாப்பிள்ளையின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அவர் சொன்னபடி சண்டையும் வந்தது, கடையும் வந்தது. பைபாஸ் ரோட்டில் இப்போதும் அத்தை பெயரில்தான் போர்டு தொங்குகிறது.

ஆனால் அன்றைக்கு எனக்கு அத்தைமேல் பெரிய ஏமாற்றம். வீட்டுக்கு வந்ததும் நேரே அடுப்படிக்குப் போனேன். ஐந்து நிமிட வேலையை அத்தை இவ்வளவு நேரம் இழுத்ததையும், எரிந்த பல்பை நம்பாமல் ஒயரைக் கழற்றியதையும், அந்த ஜாயிண்டு முதலிலேயே சரியாக இருந்ததையும் விவரமாகச் சொல்லி, அத்தைக்கு இன்னும் தொழில் பத்தாது என்று முடித்தேன்.

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளை என்ன பேசினார், அதற்கு அத்தை என்ன சொன்னாள், சொல்லும்போது சிரித்தாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பல்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.