தம்பி தலைமாட்டுப் பந்துமுள்

பந்துமுள் விரலில் ஏறினால் ஒரு சுருக்கோடு விடாது. இரண்டு நாளைக்கு விண்விண்ணென்று தெறிக்கும். நெல்லிக்காய்ப் பருமனில் உருண்டையாய், சுற்றிலும் முள்ளாய், பூத்தால் வெளிறிய நீலமாய் நிற்கும் அந்தச் செடிக்கு 'பந்துமுள்' என்பது நாங்களாக வைத்த பெயர். பரளச்சிப் பக்கம் தரிசில் அதைக் கண்ட அம்மா, விதை பொறுக்கி வந்து, இரண்டு வயதில் காய்ச்சலில் போன என் தம்பியின் கல்லறைமேட்டில் ஊன்றினாள்.

அதற்கு முன் செவ்வந்தி வைத்தாள், கோழிக்கொண்டை வைத்தாள். எல்லாவற்றையும் ஆடு மேய்ந்துவிட்டுப் போனது. "ஆடு வாய் வைக்காத பூவு இது ஒண்ணுதான்" என்றாள். தண்ணீர் கேட்காது, கோடையில் கருகிச் செத்தது போலக் கிடந்தாலும் ஆவணி மழை விழுந்ததும் வேரிலிருந்து துளிர்த்து, கல்லறைத் திருநாளுக்குச் சரியாகப் பூத்துவிடும். அம்மாவுக்கு வாய்த்த தோட்டமே அந்த மூன்றடி மண்தான்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "பச்சப்பிள்ள தலைமாட்டுல முள்ளையா வளப்பாக?" என்று என் அத்தை எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். எனக்குப் பத்து வயது. மானமே போயிற்று. திருநாளுக்கு முந்தின சாயங்காலம் செடியைப் பிடுங்கி ஓடையில் எறிந்தேன்.

மறுநாள் மெழுகுவர்த்தியோடு வந்த அம்மா, வெறும் குழியைப் பார்த்தாள், முள் கீறிய என் கையைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நின்றேன். "வெக்கமா இருந்துச்சுன்னா எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல தாயி. அவனுக்குன்னு எங்கிட்ட வேற என்ன இருக்கு?" என்றாள். நாலு அடி வாங்கியிருந்தால் தேவலை.

நல்லவேளை, வேர் ஆழத்தில் அறுபட்டு மிஞ்சியிருந்தது. அடுத்த ஆவணிக்கு ஒன்றுக்கு மூன்றாய்க் கிளம்பின. அம்மா சிரித்தாள், எனக்கு உயிர் வந்தது.

அம்மாவையும் போன வருடம் அவன் பக்கத்திலேயே வைத்தோம். மதுரையிலிருந்து காரியாபட்டி வழியாகப் பஸ் மாறி வந்து, குனிந்து களை பிடுங்க, என் முழங்கால் கேட்கவில்லை, துணைக்கும் ஆளில்லை. அலுத்துப்போய்க் கொத்தனாரிடம், "ரெண்டையும் சேத்து டைல்ஸ் ஒட்டிருங்கண்ணே" என்று போனில் சொன்னேன். பந்துமுள் அந்த நேரத்தில் நினைவிலேயே இல்லை, பாவி எனக்கு.

இந்தத் திருநாளுக்குப் போனால் எல்லாம் பளபளவென்று இருந்தது. கொத்தனார் காத்திருந்தார். "அடி வேரு வரைக்கும் தோண்டி எடுத்துட்டேம்மா. இனி ஒரு முள்ளு மொளைக்காது."

"நல்லதுண்ணே" என்றேன். டைல்ஸ் மேல் மெழுகுவர்த்தியை ஒட்டவைத்துவிட்டு நின்றேன். என் கையில் ஒரு கீறல்கூட இல்லை. பார்க்க அம்மாவும் இல்லை.