ஏசம்மாளின் ஈரச் சேலை

ஏசம்மாள் துணி துவைக்கும் விதத்தைக் கேட்டால் முதலில் சிரிப்புத்தான் வரும். மூடி போட்ட பெயிண்ட் வாளியில் தண்ணீரையும் சோப்புத்தூளையும் போட்டு, அழுக்குத் துணிகளை அமுக்கி, வேனின் பின்கதவு ஓரமாகக் கயிற்றால் கட்டிவிடுவாள். அதற்கு மேல் துவைப்பது ரோட்டின் வேலை. கிராமத்து ரோட்டுப் பள்ளங்கள் பத்து மைலுக்குள் அம்புட்டு அழுக்கையும் குலுக்கி எடுத்துவிடும். எங்காவது பம்புசெட் ஓடினால் தோட்டக்காரரிடம் கெஞ்சி அலசிக்கொள்வாள். அதுவரைக்கும் எல்லாம் சுகம். காயப்போடும்போதுதான் சனியன் பிடிக்கும்.

வேனுக்குள் ஒரு பக்கம் முழுக்க நைட்டிக் கட்டுகள். தளவாய்புரத்தில் மொத்தமாக வாங்கி ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பது அவள் புருஷன் கிறிஸ்துராஜின் பிழைப்பு. ஈரத்துணியை உள்ளே கட்டினால் புது நைட்டியில் வாடை ஏறிவிடும். வேன் கூரைமேல் போட்டால் லாரிப் புழுதி. மாந்தோப்பு வேலியில் போட்டால் காவல்காரன் கம்பைத் தூக்கிக்கொண்டு வருவான். உள்பாவாடையைப் போட உலகத்தில் ஒரு மறைவிடம் கிடையாது. துண்டுக்கு அடியில் ஒளித்துக் காயவைத்து, காயாததை அப்படியே கட்டிக்கொண்டு, இடுப்பைச் சுற்றிப் புண்ணாகிக் கிடந்தாள். அதை யாரிடம் சொல்ல முடியும்?

ராஜபாளையத்தில் குடியிருந்த வீட்டை இடித்துக் கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொன்னபோது, ஒரு மாதம் வேனில் சமாளித்துவிடலாம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். ஏழு மாதம் ஓடிவிட்டது. எந்த வீட்டில் கேட்டாலும் முதல் கேள்வி, நிரந்தரமான வேலை உண்டா என்பது. இரண்டாவது கேள்வி, இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பது. இரண்டாவதற்குப் பதில் சொன்னதும் கதவு சாத்திக்கொள்ளும்.

அதனால்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை கிடைத்தபோது ஏசம்மாள் அதை உயிரைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டாள். விலாசம் கேட்டார்கள், இடித்துப்போட்ட வீட்டின் விலாசத்தையே எழுதிக் கொடுத்தாள். கட்டிக்கொள்ள நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலை ஒன்று தந்தார்கள். வேலை உறுதியானால்தான் இரண்டாவது.

மூன்றாவது வாரம் வார்டு சிஸ்டர் ஜெயபாய் அவளைத் தனியே கூப்பிட்டாள்.

“ஏசம்மா, ஒன் வேலைல ஒரு கொற சொல்ல முடியாது. ஆனா சேலைல ஈரவாடை அடிக்கி. நோயாளிக மூஞ்சியச் சுளிக்காக.”

“மழையா இருக்குல்லா சிஸ்டர், காய மாட்டேங்கு.”

“எல்லார் வீட்டுலயும்தான் மழை பெய்யுது. நாளைக்கு ஒனக்கு லீவு. நாளான்னைக்குப் பெரிய டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வாராக. அன்னைக்கு நல்லா வெளுத்துக் காயவச்சுக் கட்டிட்டு வா. வேலைய நெரந்தரம் பண்ணிருவாக. பின்னால ஒரு ரூம் சும்மா கெடக்கு, ஒங்க வீட்டுக்காரரோட அதுல இருந்துக்கிடலாம்.”

ரூம்! அன்று சாயங்காலம் வேனில் ஏறியதிலிருந்து சுவர், கூரை, கதவு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, “பின்னால கொடி கட்ட எடம் இருக்குமா?” என்று புருஷனிடம் கேட்டுக்கொண்டே வந்தாள். கிறிஸ்துராஜ் வேனை ஓட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் வெயில் வந்தது. நாலு நாள் மழைக்குப் பிறகு புரட்டாசி வெயில் சுள்ளென்று அடித்தது. ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஓர் ஆற்றுப் படித்துறை உண்டு. போய்ச் சேர்ந்தபோது ஆள் நடமாட்டமே இல்லை. அலசி அலசிப் பிழிந்து, காய்ந்த படிக்கட்டில் சேலையை நீளமாக விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தாள். மூன்று மணி நேரம் அடித்தால் போதும், முறுக்காகிவிடும் என்று மலையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள்.

செத்த நேரத்தில் கூட்டம் வர ஆரம்பித்தது. ஆட்டோவிலும் பைக்கிலும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். இம்புட்டுச் சனம் எதற்கு வருகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. வீடென்று ஒன்று இருந்தால் சுவரில் தினசரி காலண்டர் தொங்கும். அடுத்த வீட்டில் காக்காவுக்குச் சோறு வைத்துக் கூப்பிடும் சத்தமாவது கேட்கும். கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பமானாலும் அப்படித்தான் அவளுக்கு நாள் தெரிந்துகொண்டிருந்தது. வேனில் எல்லா நாளும் ஒரே நாள். கூட்டத்தைப் பார்த்ததும் கிறிஸ்துராஜ் நைட்டிகளைக் கடைவிரித்துவிட்டுக் கூப்பிட்டான். அளவு கேட்கும் பெண்கள் ஆம்பிளையிடம் கேட்கக் கூச்சப்படுவார்கள். ஒரு எட்டு போய்விட்டு வரலாம் என்றுதான் போனாள்.

திரும்பி வந்தபோது படிக்கட்டில் சேலை இல்லை.

அங்கே இங்கே ஓடினாள், ஆற்றுக்குள் பார்த்தாள். துப்புரவு வேலை பார்க்கும் வெள்ளத்தாய் கொக்கிக்கம்போடு எதிரே வந்தாள்.

“எக்கா, இங்க ஒரு வெள்ளச் சேல காயப்போட்டிருந்தேன்.”

“காயப்போட்டியா? ஏட்டி, அமாவாச அன்னைக்கா? கழிப்புத் துணின்னுல்லா இழுத்துக் குமிச்சிட்டேன்!”

அமாவாசையன்று அந்தத் துறையில் முழுகுகிறவர்கள் உடுத்தின துணியைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். துணியோடு தோஷமும் போய்விடும் என்பது நம்பிக்கை. ஊருக்கெல்லாம் தெரிந்த வழக்கம். அன்றைக்கு அங்கே கிடக்கும் துணியைச் சொந்தக்காரன்கூடத் தொடமாட்டான்.

ஏசம்மாள் தொட்டாள். இடுப்புயரக் குவியலுக்குள் இரண்டு கையையும் விட்டு, எவனெவன் வேட்டியையோ எவளெவள் பாவாடையையோ இழுத்து எறிந்து தேடினாள். கரையில் நின்றவர்கள் திகைத்துப்போனார்கள். “அடியே, அடுத்தவ பாவத்த அள்ளிக் கட்டிக்கிடாத!” என்று பச்சைச் சேலைக்காரி ஒருத்தி கத்தினாள். அடியிலிருந்து சேலை வந்தது. சேறும், யாரோ கழற்றிப்போட்ட சிவப்புத் துணியின் சாயமும் அதில் ஒட்டியிருந்தன.

மறுபடியும் துவைத்தாள். சேறு போயிற்று; சாயம் முந்தானைப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு நின்றுவிட்டது. அதற்குள் வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. மேற்கே மலையை வைத்துக்கொண்டிருக்கும் ஊரில் சாயங்காலம் சீக்கிரமே வந்துவிடும். நிற்கிற வேனின் கூரையில் போட்டுப் பார்த்தார்கள். விடிந்து தொட்டால், பனியில் ஊறி முன்னைவிட ஈரமாக இருந்தது.

“நாலு கிலோமீட்டருக்கு முன்னாலயே எறக்கிவிடுங்க. நடந்தே போறேன். வெயில்ல ஒடம்போட காஞ்சிரும்,” என்றாள். கறையை மடித்து உள்பக்கம் செருகி, ஈரச்சேலையைக் கட்டிக்கொண்டு மெயின்ரோட்டில் நடந்தாள். கிறிஸ்துராஜ் பின்னால் வேனை உருட்டிக்கொண்டே வந்தான். ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும்போது சேலை காய்ந்திருந்தது. ஜெயபாய் கிட்டே வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

டாக்டரம்மா ஒவ்வொரு கட்டிலாக வந்தார். ஏழாவது கட்டிலில் முதல்நாள் ராத்திரி சேர்த்த ஒரு பெரியவர். பக்கத்தில் துணைக்கு இருந்தவள் ஏசம்மாளை உற்றுப் பார்த்தாள். ஏசம்மாளுக்கும் தெரிந்துவிட்டது. கரையில் நின்று கத்தினவள்.

“இவளா? நேத்து ஆத்துல கழிப்புத் துணியக் கிண்டி எடுத்தவல்லா இவ! அதே சேலையக் கட்டிட்டு வந்து எங்க அய்யாவத் தொட வாராளே!”

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெரியவர் கையை இழுத்துக்கொண்டார்.

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் செருகின மடிப்பு நடந்த நடையில் நழுவிக் கறை வெளியே தெரிந்துகொண்டிருந்தது. “என் சேலதாம்மா. கழிப்புத் துணி இல்ல. காயப்போட எடமில்லாம அங்க விரிச்சேன். நாங்க வேன்ல இருக்கோம்,” என்றாள்.

டாக்டரம்மா வேலையாட்கள் பதிவேட்டை வாங்கி விலாசத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. “ஆஸ்பத்திரி வேலைக்கு இது சரிப்படாதும்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஜெயபாய் அவளை வார்டுக்கு வெளியே நடைபாதைக்குக் கூட்டிவந்தாள். சட்டத்தைச் சொன்னாள்.

“சேலைய ஒப்படைக்கணும் ஏசம்மா. தொவச்சுக் காயவச்சுத்தான் வாங்குவாக.”

“எங்க காயப்போட சிஸ்டர்?”

ஜெயபாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “மாடியில கொடி இருக்கு,” என்றாள்.

மாடிக்குப் போன ஏசம்மாள் அசந்து நின்றாள். இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஆறு கம்பிக்கொடி. ஆஸ்பத்திரி விரிப்புகள் ஒன்றில் மட்டும் தொங்கின. ஐந்து கொடி சும்மா ஆடிக்கொண்டிருந்தன. இம்புட்டு நாளும் இதற்குக் கீழேதான் அவள் ஈரவாடையோடு தரை துடைத்திருக்கிறாள்.

கீழே போய் வேனில் வேறு சேலை மாற்றிக்கொண்டு, அழுக்குத் துணி வாளியைத் தூக்கிவந்தாள். மாடிக் குழாயில் சேலையைத் துவைத்துப் போட்டாள். பிறகு கிறிஸ்துராஜின் கைலிகள், சட்டைகள், போர்வை, தலையணை உறை. ஒளித்து ஒளித்துக் காயவைத்த உள்பாவாடைகளையெல்லாம் தெருவே பார்க்கும்படி வரிசையாக விரித்தாள். ஐந்து கொடியும் நிறைந்தன. அடியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

மேலே வந்த ஜெயபாய் மாடி முழுக்கத் தொங்கியதைப் பார்த்துப் பதறினாள். “என்ன ஏசம்மா இது? டாக்டரம்மா பாத்தா என்னாகும்? எம்புட்டு நேரம் இப்பிடி இருக்கப்போற?”

ஏசம்மாள் எழுந்திருக்கவில்லை.

“காயுற வரைக்கும்.”